உணவுச்சாலையில் ஓர் ஆசனம்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்பும் வழிப்போக்கன் அவ்வூர்க் கோயிலைப் பார்ப்பான். வாசிகசாலை இருந்தால் அதையும் எட்டிப் பார்ப்பான். என்னைக் கேட்டால், அவன் முதலில் சந்தியிலுள்ள தேநீர்க்கடைக்குள் நுழைந்து ஒரு கால்மணி நேரம் இருந்து பார்க்கட்டும் என்பேன். அங்கே யார் யாருடன் பேசுகிறார்கள், யார் வந்தால் யார் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், யாருக்குப் பின் யாருக்குத் தேநீர் வருகிறது என்பவற்றைக் கண்டுகொண்டால், அவ்வூரைப் பற்றிப் பிறர் சொல்லி அறிய வேண்டியவை மிகச் சிலவே எஞ்சியிருக்கும்.

36 ஆண்டு ஆசிரியத் தொழில் என்னை இந்நாட்டின் பல மூலைகளுக்கும் இட்டுச் சென்றது. வீட்டுச் சமையலை நம்பியிருக்க இயலாத வாழ்க்கை அது. ஆகவே உணவுச்சாலைகளின் பல்வேறு சுவைகளையும் நான் அனுபவித்திருக்கிறேன்.

யாழ்ப்பாண நகரத்துச் சைவக் கடைகளின் காலைப்பொழுதை மறக்க முடியுமா? சுவாமி படத்தின் முன் ஊதுவத்தி புகைந்துகொண்டிருக்கும். கல்லில் நீர் தெளிக்கும் ஓசையைத் தொடர்ந்து தோசையின் மணம் எழும். வாழையிலையைத் துடைத்து விரித்ததும் கேளாமலே சம்பலும் சாம்பாரும் வந்து சேரும். உண்டு எழுந்தவரின் கணக்கைப் பரிமாறுபவர் நின்ற இடத்திலிருந்தே உரத்துக் கூற, முதலாளி மேசையிலிருந்தவாறே காசை எண்ணி வாங்குவார். கடதாசித் துண்டோ பென்சிலோ வேண்டியதில்லை.

கொழும்பிலே முஸ்லிம் அன்பர்களின் கடைகளில் இரவு பத்து மணிக்கும் விளக்கணையாது. சூடேறிய இரும்புத் தட்டில் இரு கைத் தகடுகளால் றொட்டியைக் கொத்தும் தாளம் தெருமுனை வரை கேட்கும். கொத்துறொட்டியை நாவால் சுவைப்பதற்கு முன்னரே செவியால் சுவைத்துவிடுகிறோம் எனலாம். அட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பனி மூடிய காலைகளில், சிறிய கடையொன்றின் அடுப்படியோரம் நின்று, இரு கைகளாலும் குவளையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பருகிய வெறுந்தேநீருக்கு ஈடான பானத்தை நான் இன்றுவரை பருகியதில்லை.

நம் நாட்டுத் தேநீர்ச்சாலைகளில் மற்றொரு வழக்கமும் உண்டு. வடை, றோல்ஸ், கட்லட் என்று பலவற்றையும் ஒரு தட்டில் நிறைத்து மேசை நடுவே வைத்துவிடுவார்கள். விரும்பியதை விரும்பிய அளவு எடுத்து உண்ணலாம். உண்டதற்கு மட்டுமே காசு. எத்தனை எடுத்தாய் என்று எவரும் காவல் நிற்பதில்லை. முன்பின் அறியாத மனிதனிடத்தில் இவ்வளவு நம்பிக்கை வைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. ஆயினும், அந்த மேசை எல்லோருக்கும் திறந்திருந்ததா என்ற கேள்வி என் உள்ளத்தில் இளமை முதல் முள்ளாகத் தைத்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

விருந்தும் விலையும்

வீட்டில் நாம் உறவின் உரிமையால் உண்கிறோம். மடத்திலும் அன்னசத்திரத்திலும் பிறர் கொடையால் உண்கிறோம். உணவுச்சாலையிலோ நம் கையிலுள்ள காசின் உரிமையால் உண்கிறோம். இம்மூன்றாவது உரிமை வரலாற்றில் பின்னரே பரவலாயிற்று. சீனத்தில் சோங் மன்னர்களின் தலைநகரான கைஃபெங்கில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே வகைவகையான உணவுச்சாலைகள் நடைபெற்றன. ஐரோப்பாவில் நாம் இன்று அறிந்த வடிவிலான உணவுச்சாலை 1760களில் பாரிஸ் நகரில் தோன்றியது. அதற்கு வழங்கிய ‘ரெஸ்தோராங்’ என்ற பெயர் முதலில் இடத்தைக் குறித்ததன்று. தளர்ந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. அதற்கு முன் அந்நகரத்து விடுதிகளில் குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றியிருந்து, வைத்ததை உண்ண வேண்டும். புதிய சாலையில் தனி மேசை, விரும்பிய நேரம், விரும்பிய உணவு. எளிய மாற்றமாகத் தோன்றினும், அறிமுகமற்ற மனிதனுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

தமிழரிடத்தில் இது எளிதில் வேரூன்றவில்லை. சமைத்த சோற்றை விற்பது பாவம் என்ற எண்ணம் நம் முன்னோரிடம் ஆழப் பதிந்திருந்தது. ‘அன்னவிக்கிரயம்’ என்ற சொல்லையே அருவருப்புடன் உச்சரித்த முதியோரை நான் அறிவேன். ஆனால் கச்சேரியும் நீதிமன்றமும் கல்லூரியும் பெருகி, 1905 இல் யாழ்ப்பாணம் கொழும்புடன் புகையிரதப் பாதையால் இணைந்த பின்னர், வீட்டை விட்டு வெளியே பசித்திருப்போர் தொகையும் பெருகியது. பசித்தவன் இருக்குமிடத்தில் கடை தோன்றுவது இயல்பேயன்றோ!

கடை வந்தது, காசின் உரிமையும் வந்தது. ஆனால் காசு எல்லோர் கையிலும் ஒரே விலை பெறவில்லை.

தகரப்பேணி

1960 ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து. என் தந்தையார் கிராமத்துப் பாடசாலையில் தமிழாசிரியர். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை அவர் விளக்கத் தொடங்கினால், பக்கத்து வகுப்பு மாணவரும் தம் பாடத்தை மறந்து செவிசாய்ப்பர். சனிக்கிழமைகளில் அவர் என்னைச் சந்தைக்கு அழைத்துச் செல்வார். திரும்பும் வழியில் சந்திக் கடையில் எனக்கொரு வடையும் பால் தேநீரும் கிடைக்கும். அந்தக் கடை வாங்கில் தந்தையாரின் அருகே கால்களை ஆட்டியவாறு இருப்பது எனக்கு அரசகட்டிலில் வீற்றிருப்பதை ஒக்கும்.

அன்று எங்கள் வளவுப் பனைகளில் ஏறித் தொழில் செய்யும் முதியவர் கடைப்புறம் வந்தார். வந்தவர் உள்ளே நுழையவில்லை. பக்கத்து வேலியில் கவிழ்த்து வைத்திருந்த பழைய பால்பேணி ஒன்றைத் தாமே எடுத்து, தாமே கழுவி, இரு கைகளாலும் ஏந்தியபடி நின்றார். கடைக்காரர் கையை உயர்த்தித் தேநீரைப் பேணியில் ஊற்றினார். பேணியின் விளிம்பு தம் குவளையிற் படாதபடி அவர் எடுத்துக்கொண்ட கவனம் இப்போதும் என் கண்முன் நிற்கிறது. முதியவர் மதிலோரம் குந்தியிருந்து குடித்தார். காசைத் திண்ணை ஓரத்தில் வைத்தார். கடைக்காரர் அதை எடுத்துப் பெட்டியிற் போட்டார். அந்தக் காசுக்குத் தீட்டில்லை.

“ஏனப்பு, அவன் உள்ளுக்கு வரேல்லை?” என்று நான் கேட்டேன்.

“தேத்தண்ணி ஆறப்போகுது, குடி” என்றார் தந்தையார்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பாட்டனார் வயதுடைய அம்மனிதரைப் பத்து வயதுச் சிறுவனாகிய நான் ‘அவன்’ என்றேன். அவரை அவ்வாறு அழைக்கும்படி எவரும் எனக்குத் தனியே கற்பித்ததில்லை. காற்றைப் போல அது எங்கும் நிறைந்திருந்தது, நானும் சுவாசித்தேன். விருந்தோம்பலைப் பற்றி அத்துணை உருக்கமாகப் பேசும் என் தந்தையாரும் அந்தக் காற்றையே சுவாசித்தார். அவர் கொடியவர் அல்லர். அன்று அவர் தேநீரை முழுவதும் குடிக்கவில்லை என்பதையும் நான் கண்டேன். ஆனால் எழுந்து ஒரு சொல் சொல்லவுமில்லை.

சட்டமும் சந்தியும்

இத்தனைக்கும் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடத்தில் விலக்குவது குற்றமென அது கூறியது. சட்டம் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. எங்கள் சந்திக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அது தானாக வந்துவிடவுமில்லை. ஆசனத்துக்கான போராட்டம் யாழ்ப்பாணத்தில் பாடசாலையிலேயே தொடங்கியது. தரையில் இருத்தப்பட்ட பிள்ளைகளுக்கும் வாங்கில் இடம் வேண்டும் என்ற ‘சமாசனக்’ கோரிக்கை 1920களிலும் 1930களிலும் பெரும் பூசல்களை எழுப்பிற்று. 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்தின் இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1950களின் பிற்பகுதியில் எம். சி. சுப்பிரமணியம் முதலானோரின் முயற்சியால் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை நகரத்து உணவுச்சாலைகளின் கதவுகளைத் தட்டியது. நகரத்தில் கதவுகள் மெல்லத் திறந்தன. கிராமங்களில் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் பொதுவுடைமையாளர் நடத்திய ஊர்வலத்தின் பின்னர், தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் குடாநாடெங்கும் மூண்டெழுந்தன. சிலர் உயிரையும் ஈந்தனர். அக்கால நிகழ்ச்சிகளைக் களமாகக் கொண்டே கே. டானியல் தமது ‘பஞ்சமர்’ நாவலைப் படைத்தார். ஒரு கோப்பைத் தேநீருக்காக இவ்வளவா என்று அதைப் படிக்கும் இன்றைய மாணவன் கேட்கக்கூடும். தேநீர் அவர்களுக்கு முன்னரும் கிடைத்தது. அவர்கள் கேட்டது வாங்கில் ஓர் இடமும், மற்றவர் பருகும் அதே குவளையுமே.

1967 இல் எங்கள் சந்திக் கடைக்காரர் ஒரு தந்திரம் செய்தார். ஒருநாட் காலை சென்று பார்த்தால், கடையில் வாங்குமில்லை, கதிரையுமில்லை. “இனி எல்லாரும் நிண்டு குடியுங்கோ” என்றார். நிற்பவர் யாராயினும் எவருக்கும் தீட்டில்லை. இருப்பதில்தான் தீட்டு என்பது அவர் கண்ட நியாயம்.

பல ஆண்டுகளின் பின்னர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பத்திரிகையாளர் ஹரி கோல்டன் என்பவர் 1956 இல் எழுதிய அங்கதக் கட்டுரையொன்றைப் பற்றி அறிந்தபோது எனக்கு எங்கள் கடைக்காரரின் ஞாபகமே வந்தது. கறுப்பின மக்களுடன் ஒரே கடையில் வரிசையில் நிற்க வெள்ளையர் தயங்குவதில்லை. உடன் அமர்வதற்கே தயங்குகின்றனர். ஆதலின் பாடசாலைகளிலுள்ள ஆசனங்களை அகற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவர் கேலி செய்திருந்தார். அவர் கேலியாகச் சொன்னதை எங்கள் ஊர்க் கடைக்காரர் மெய்யாகவே செய்துவிட்டார்!

அதே வட கரோலினாவில், கிறீன்ஸ்பரோ என்னும் நகரில், 1960 பெப்ரவரி 1 ஆம் திகதி நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் ஒரு பெரிய அங்காடிக்குள் சென்றனர். பற்பசை முதலிய பொருள்களை அங்கே வாங்கினர்; தடையில்லை. பின்னர் அதே அங்காடியின் உணவு மேசை முன் ஆசனங்களில் அமர்ந்து கோப்பி கேட்டனர், மறுக்கப்பட்டது. கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். அந்த அமர்வு ஊர் ஊராகப் பரவியது. அவ்வாண்டு ஜூலை 25 ஆம் திகதி அம்மேசை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த முதியவர் வேலியோரம் பேணியேந்தி நின்ற அதே ஆண்டிலே, கடலுக்கு அப்பால் நான்கு இளைஞர் ஒரு கோப்பைக் கோப்பிக்காக அமர்ந்திருந்தனர் என்பதை எண்ணும்போது, உலகம் எவ்வளவு பெரிது, அதன் சிறுமைகள் எவ்வளவு ஒத்தவை என்றே தோன்றுகிறது.

நான் எழுந்த நாள்

இனி நான் சொல்லவிருப்பது எனக்குப் பெருமை தருவதன்று.

நின்று குடிக்கும் ஏற்பாடு ஒரு மாதமும் நீடிக்கவில்லை. பத்திரிகை படிக்க வருவோர் குறைந்தனர், வியாபாரம் படுத்தது. வாங்குகள் திரும்பி வந்தன. ஒருநாள் பின்னேரம் நான் அங்கே தனியே இருந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். அந்தப் பனைத்தொழில் முதியவரின் பேரன் உள்ளே வந்தான். என்னுடன் ஒரே வகுப்பிற் படித்தவன். கணக்கில் என்னிலும் கெட்டிக்காரன். நேரே வந்து என் பக்கத்தில் அமர்ந்து, “ஒரு தேத்தண்ணி” என்றான். அவன் குரலில் சிறு நடுக்கம் இருந்தது.

கடையில் இருந்தோர் அனைவரும் என்னைப் பார்த்தனர். அவனை எவரும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தனர். சமத்துவத்தைப் பற்றிக் கல்லூரி விவாத மேடையில் பரிசு பெற்றவன் நான். ஆயினும் என் கால்கள் எழுந்துவிட்டன. “பஸ் வருகுதோ தெரியேல்லை” என்று முணுமுணுத்தவாறு, பாதித் தேநீரை வைத்துவிட்டு வெளியே வந்து தெருவைப் பார்த்தபடி நின்றேன். பஸ் வரும் நேரமன்று அது. திரும்பிப் பார்த்தபோது, அவன் நிமிர்ந்த முதுகுடன் தேநீரை ஆறுதலாகப் பருகிக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனுக்குக் கண்ணாடிக் குவளையிலேயே கொடுத்திருந்தார். அன்றைக்குக் கடைக்காரர்கூடத் தேறிவிட்டார், நான் தேறவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. 1974 இல், புதிதாக ஆசிரியத் தொழிலில் சேர்ந்திருந்த நான் ஒரு வேலையாகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். நண்பகல் நேரம், புறக்கோட்டையிலே சன நெருக்கமான ஒரு சாப்பாட்டுக் கடை. சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி நின்றேன். அங்கே இடம் கிடைப்பதே பாக்கியம். பக்கத்திலிருப்பவர் யார் என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. மூலை மேசையிலிருந்து ஒருவர் ஒதுங்கி இடம் விட்டார்.

“இருங்கோ மாஸ்ரர், இடமிருக்கு.”

அவனேதான். அச்சகமொன்றில் வேலை செய்வதாகக் கூறினான். நான் ஆசிரியனான செய்தியை ஊரார் மூலம் அறிந்திருந்தான். ஒரு காலத்தில் ‘டேய்’ என்று அழைத்தவன் ‘மாஸ்ரர்’ என்றதும், ‘இருங்கோ’ என்றதும் எனக்குச் சுட்டன. ஊர்ச் செய்திகள் பேசினோம். அவனுடைய பாட்டனார் இறந்துவிட்டார் என்றான். கை கழுவி வந்து மீண்டும் அமர்ந்தபின், சிரித்தபடி கேட்டான்:

“அண்டைக்குப் பஸ் வந்ததோ?”

ஏழாண்டுகளாக என் உள்ளத்தில் உறுத்தியது அவன் உள்ளத்திலும் இருந்திருக்கிறது. “வரேல்லை” என்றேன். வேறொன்றும் சொல்ல நாவெழவில்லை. அவன் மீண்டும் சிரித்தான். இரண்டு வெறுந்தேநீர் கொண்டுவரச் சொன்னான். காசையும் அவனே கொடுத்தான். நான் எவ்வளவு வற்புறுத்தியும் கேட்கவில்லை.

எவருக்கு இடமில்லை?

நம் நாட்டு 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 (3) ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பெயரால் கடைகள், பொது உணவுச்சாலைகள், ஹோட்டல்கள் முதலியவற்றுக்குள் எவரும் தடுக்கப்படலாகாது என்கிறது. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15 (2) ஆம் உறுப்புரையும் உணவுச்சாலையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் 1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அவ்வாறே. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் நீதிமன்றத்தையும் பாராளுமன்றத்தையும் எதிர்பார்க்கிறோம். தேநீர்க்கடை அங்கே எப்படி வந்தது? பேணியேந்தி நின்ற முதியவரைப் போன்றோரே அதைக் கொண்டுவந்து சேர்த்தனர் என்பேன்.

இன்று யாழ்ப்பாணத்துக்குச் சென்றால் உணவுச்சாலைகளுக்குக் குறைவில்லை. நல்லூர்ப் பக்கம் மாலையில் குளிர்களிக் கடைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நிறைந்திருக்கிறது. எவரும் எவரையும் யாரென்று கேட்பதில்லை. என் இளமையில் தேநீர்க்கடை வாங்கில் ஒரு பெண் தனியே இருந்து தேநீர் அருந்தும் காட்சி அரிதினும் அரிது. ஏதேனும் திரைமறைவு அறைக்குள்தான் அவர்களுக்கு இடம். இன்று கல்லூரி மாணவியர் தோழியருடன் வந்து மேசையைச் சூழ்ந்து சிரித்துப் பேசுகின்றனர். இதைக் காணும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது.

ஆனால் நிறைவோடு நின்றுவிட முடியவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறத் தாழ்வாரத்திலும் ஒரு பேணி இருந்தது. சந்திக் கடையின் பேணி மறைந்த பின்னரும் அது நெடுங்காலம் அங்கேயே இருந்தது. சட்டம் கடைக்குள் நுழையலாம். தாழ்வாரத்துக்குள் நுழைய அதற்கு அதிகாரமில்லை. கடையில் அருகருகே இருந்து உண்போர் ஒருவர் வீட்டுக் கலியாணப் பந்தியில் மற்றவர் இருப்பாரா என்பதை வாசகர்களே தம் ஊரை எண்ணிச் சொல்லட்டும். மலையகத்திலிருந்து சிறு வயதிலேயே வந்து, கடைகளின் பின்கட்டில் எச்சிற் கோப்பைகளைக் கழுவிய சிறுவர்களை நாம் பெயர் சொல்லி அழைத்தோமா? ‘டேய் பொடியா’ என்பதே அவர்கள் எல்லோருக்கும் பெயராக இருந்தது. அவர்களும் அந்த மேசைகளில் ஒருநாளும் அமரவில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஓர் உணவுச்சாலைக்குள் நுழையும்போது வடையின் சுவையை நன்றாகச் சுவையுங்கள்; அது குற்றமன்று. கூடவே ஒருமுறை சுற்றிலும் நோக்குங்கள். யார் இருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பக்கத்தில் எவரேனும் வந்து அமர்ந்தால், பஸ் வருகிறதா என்று பார்க்க எழுந்துவிடாதீர்கள்.